அத்தியாயம் 6: மெட்டல் கிடாருக்கு எந்த ஆம்ப் சிம்?

அமிர்தியில் 100 வாட் வால்வு ஆம்பைத் திறந்துவிட்டு வாசிக்க முடியாது. வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகச் சுமார் 25 கிலோமீட்டர் வந்தால், ஜவ்வாது மலை எழத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது ஊர். சுற்றிலும் காப்புக்காடு. 1967-இல் தொடங்கிய உயிரியல் பூங்காவில் மான்களும் மயில்களும் இருக்கின்றன. வால்வு ஆம்ப் தன் நல்ல குரலைக் காட்டுவது சத்தமாக ஓடும்போதுதான். அந்தச் சத்தத்தை இந்தக் காட்டோரத்தில் எழுப்ப எனக்கு மனமில்லை. அதனால் பத்து வருடமாக என் மெட்டல் பதிவுகள் எல்லாம் மடிக்கணினியிலும் ஹெட்ஃபோனிலும்தான் நடக்கின்றன.

அதை ஒரு குறையாக நான் நினைப்பதில்லை. இதே மலைத்தொடரில், விளக்கு வெளிச்சம் கலையாத வானம் வேண்டும் என்று காவலூரைத் தேர்ந்தெடுத்தார் வானியலாளர் வைணு பாப்பு. இன்று அவர் பெயரில் இருக்கும் ஆய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் அங்கே செயல்பாட்டுக்கு வந்தது. இருட்டு வானியலாளர்களுக்கு எப்படியோ, அமைதி நமக்கு அப்படி. நகரத்து அடுக்குமாடியில் இரவு பதினொரு மணிக்குக் கிடைக்காத நிசப்தம் இங்கே மாலை ஏழு மணிக்கே வந்துவிடும்.

கிடாரை மடிக்கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸைப் பற்றிச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். இங்கே பார்க்கப்போவது அதற்கு அடுத்த கேள்வி: ஆம்பின் வேலையைச் செய்யும் மென்பொருளை, அதாவது ஆம்ப் சிம்மை, எப்படித் தேர்ந்தெடுப்பது? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பட்டியலில் எத்தனை ஆம்ப் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். உங்கள் கிடாரை நீங்களே வாசித்த பதிவு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மென்பொருளையும் அதன் மேல் ஓட்டிப் பாருங்கள். ஆம்பை விட கேபினெட்டைக் கவனியுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு குறைந்தது ஆறு மாதம் அதை விட்டு நகராதீர்கள்.

அறைக்குள்ளிருந்து உலகத்துக்கு

மென்பொருள் ஆம்ப் என்றால் போலி, உண்மையான மெட்டல் ஆட்கள் அதைத் தொடமாட்டார்கள் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். டெல்லியைச் சேர்ந்த ஸ்கைஹார்பர் இசைக்குழுவின் கதை அவர்களுக்காக. கேஷவ் தர் என்ற கிடார் கலைஞர் வீட்டு ஸ்டுடியோவில் தனியாளாக ஆரம்பித்த முயற்சி அது. பாடகர் டேனியல் டாம்ப்கின்ஸ் இங்கிலாந்தில், டிரம்மர் அனுப் சாஸ்திரி அமெரிக்காவில். மெகாடெத்தில் வாசித்த மார்ட்டி ஃப்ரீட்மன் இரண்டு பாடல்களில் சோலோ வாசித்தார். 2012-இல் பிரிட்டனின் பேசிக் ரெக்கார்ட்ஸ் அந்த முதல் ஆல்பத்தை வெளியிட்டது. கோப்புகள்தான் நாடு விட்டு நாடு போயின.

அதற்கு இருபது ஆண்டுகள் முன்னால், 1992-இல், சிங்கப்பூரில் தொடங்கிய ருத்ரா குழுவை நினைத்துப் பாருங்கள். கதிர் என்று அறியப்படும் கதிரேசன் பாடி, பேஸ் வாசிக்கும் குழு அது. தங்கள் இசையை வேத மெட்டல் என்று அழைத்தார்கள். அவர்களுடைய முதல் ஆல்பம் 1998-இல்தான் வந்தது. அந்தக் காலத்தில் கனமான கிடார் ஒலி வேண்டும் என்றால் ஆம்ப், மைக், சத்தத்தைத் தாங்கும் அறை, மணிக்கணக்கில் வாடகை எல்லாம் வேண்டும். அதே 1998-இல்தான் லைன் 6 நிறுவனம் சிறுநீரக வடிவத்தில் பாட் என்ற சிவப்புப் பெட்டியைக் கொண்டுவந்தது. ஆம்பின் நடத்தையைக் கணக்காக மாற்றி மேசைமேல் வைத்த முதல் வெற்றிகரமான பொருள்களில் அது ஒன்று. நாம் இன்று பயன்படுத்தும் பிளக்-இன்கள் அதன் வழி வந்தவை.

ஒலி எங்கே பிறக்கிறது

பெரும்பாலான ஆம்ப் சிம்களைத் திறந்தால் உள்ளே வரிசை ஒன்றுதான்: நாய்ஸ் கேட், பூஸ்டர் பெடல், பிரீஆம்ப், பவர் ஆம்ப், கேபினெட், அதன் முன் மைக். திரையில் படங்கள் மாறும், வரிசை மாறாது. இந்த ஆறில் மெட்டல் ஒலியை உண்மையில் தீர்மானிப்பவை இரண்டு: பூஸ்டரும் கேபினெட்டும்.

பூஸ்டரை எடுத்துக்கொள்வோம். ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் என்ற பச்சைப் பெடலைப் பழைய புளூஸ் ஆட்கள் மெல்லிய டிஸ்டார்ஷனுக்காகப் பயன்படுத்தினார்கள். மெட்டல்காரர்கள் அதை வேறு மாதிரி பிடித்தார்கள். டிரைவ் குமிழைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய், லெவலை முழுதாக ஏற்றி, ஏற்கெனவே உறுமிக்கொண்டிருக்கும் ஆம்பின் முன்னால் வைத்தார்கள். அந்தப் பெடலின் சுற்று சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியைப் படிப்படியாக அடக்கி, நடுப்பகுதியை முன்னே தள்ளும். தாழ்ந்த ஒலி அளவுக்கு மீறி டிஸ்டார்ஷனுக்குள் போனால் குழைந்துவிடும். அதை முன்பே கழித்து அனுப்பினால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெறித்து விழும். மழைநாளில் நமத்துப்போன பறையைத் தீயில் காய்ச்சி எடுத்த பிறகு அடித்துப் பாருங்கள்; தோல் அதேதான், அடி மட்டும் வேறு. பூஸ்டர் செய்வது அந்த வேலை. ஆகவே நீங்கள் பார்க்கும் மென்பொருளில் இப்படிப்பட்ட பெடல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டாலும் கவலை இல்லை: இக்னைட் ஆம்ப்ஸ் என்ற இத்தாலியக் குழுவின் டிஎஸ்பி-1 என்ற பிளக்-இன் இலவசமாகவே கிடைக்கிறது. எந்த ஆம்ப் சிம்முக்கு முன்னாலும் போடலாம்.

ஸ்வீடன் பாணி டெத் மெட்டல் வேண்டும் என்பவர்களுக்கு வழி வேறு. என்டூம்ட் குழு ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டுடியோவில் பதிவு செய்து 1990-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் ரம்பச் சத்தம், பாஸ் எச்எம்-2 பெடலின் நான்கு குமிழையும் கடைசிவரை திருப்பியதால் வந்தது. அந்த ஒலிதான் இலக்கு என்றால் அந்தப் பெடலின் மாதிரி இருக்கும் மென்பொருளைத் தேடுங்கள். ஆம்ப் எது என்பது அங்கே இரண்டாம் பட்சம்.

ஆம்பைப் பொறுத்தவரை மெட்டலின் அடிப்படைக் குரல்கள் மூன்று நான்குதான். 1981-இல் வந்த மார்ஷல் ஜேசிஎம்800, பழைய திராஷுக்கு. எடி வான் ஹேலனுக்காகப் பீவி 1992-இல் கொண்டுவந்த 5150, பின்னாளில் 6505 என்று பெயர் மாறியது. இன்றைய மெட்டல்கோர், டெத் மெட்டல் பதிவுகளில் பாதி இதன் சாயல்தான். மீசா பூகியின் டூயல் ரெக்டிஃபையர், அடியில் அகலமாகவும் மேலே கரகரப்பாகவும் இருப்பது. இவற்றோடு ஜெர்மனியின் எங்கல், டீசல். ஒரு மென்பொருளில் இந்தக் குடும்பங்களில் ஒன்று நன்றாக இருந்தால் போதும். என் அக்கா மகன் வேலூரில் கல்லூரியில் படிக்கிறான். போன தீபாவளி விடுமுறைக்கு வந்தபோது ஒரு பெரிய தொகுப்பைக் காட்டினான்.

“மாமா, இதுல நூத்துக்கு மேல ஆம்ப் இருக்கு.”

“சரிடா. உன் மூணு பாட்டுலயும் எதை வாசிச்சிருக்க?”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “ஃபைவ்-ஒன்-ஃபைவ்-ஓ மட்டும்தான்” என்றான்.

கேபினெட்டுக்கு வருகிறேன். இதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். கேபினெட் இல்லாமல் ஆம்பின் டிஸ்டார்ஷனை நேராகக் கேட்டால் தகரத்தில் தேனீ மாட்டிக்கொண்டதுபோல் இருக்கும். கிடார் ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சட்டென்று குறைந்துவிடும், அந்தக் குறைவுதான் ஒலியைக் காதுக்கு ஏற்றதாக்குகிறது. மெட்டலில் பெரும்பாலும் கேட்பது நான்கு 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பெட்டி, உள்ளே செலெஸ்டியன் வின்டேஜ் 30, முன்னால் ஷ்யூர் எஸ்எம்57 மைக். இந்த மொத்த அமைப்பின் ஒலிப் பண்பை ஒரு குட்டி ஒலிக்கோப்பாகப் பிடித்து வைப்பதுதான் இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ், சுருக்கமாக ஐஆர். பெரும்பாலான ஐஆர் கோப்புகள் சில பத்து கிலோபைட்தான். ஆம்பில் பாஸ், மிட், டிரெபிள் மூன்றையும் அரை நாள் திருப்பிக்கொண்டிருப்பதை விட, ஐஆரை ஒரு முறை மாற்றுவது ஒலியை அதிகமாக மாற்றும். மைக்கை ஸ்பீக்கரின் நடுமூடியிலிருந்து ஓர் அங்குலம் வெளியே நகர்த்தினாலே காதைக் குத்தும் கூர்மை குறைந்து உடம்பு கூடும். ஆகவே வெளி ஐஆரை ஏற்ற இடம் தராத மென்பொருளை நான் வாங்கச் சொல்லமாட்டேன். இதில் விலக்கு இல்லை.

முதலில் டிஐ

ஒப்பிட வேண்டுமென்றால் மாறாத ஒன்று வேண்டும். அதற்காகத்தான் டிஐ: எந்த ஆம்பும் சேராத, கிடார் கம்பியிலிருந்து நேராக வரும் பச்சை ஒலி. இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ரூமென்ட் என்று குறித்த வாயிலில் கேபிளைச் செருகுங்கள். அதன் உள்தடை சுமார் 1 மெகாஓம் இருக்கும். மடிக்கணினியின் மைக் துளையில் நேராகச் செருகினால் தடை மிகக் குறைவு. பிக்கப்பின் மேல்பகுதி ஒலி அங்கேயே செத்துவிடும். பிறகு எந்த ஆம்ப் சிம்மும் அதை உயிர்ப்பிக்காது.

மிகப் பலமாக அடிக்கும்போது அளவுமானி -6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். பெரும்பாலான அடிகள் -12 பக்கத்தில் இருந்தால் போதும். சிவப்பு விளக்கு எரியவே கூடாது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவு செய்யுங்கள்.

என்ன வாசிப்பது? தாழ்ந்த கம்பியில் பாம் மியூட் அடி, நிமிடத்துக்கு 160 முதல் 180 துடிப்பில், எட்டு பார். பிறகு ஒரு பவர் கார்டை அடித்து அது தானாக அடங்கும்வரை விடுங்கள். அடுத்து இரண்டு கம்பிகளில் பவர் கார்டு அல்லாத ஒரு கூட்டுச் சுரம், மைனர் தேர்டு போல. கடைசியாக முதல் கம்பியில் 15-ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே மெதுவான ஒரு வளைவு. மொத்தம் 40 விநாடி போதும். வாசிப்பதற்கு முன் கம்பியை மாற்றிச் சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள். மலையடிவார ஈரத்தில் கம்பி சீக்கிரம் கறுக்கும். கறுத்த கம்பியின் மந்தத்தை ஆம்ப் சிம்மின் குறை என்று நினைத்துப் பணத்தை வீணாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். டிராப் சி சுருதிக்கு இறக்குகிறவர்கள் 10-46 கம்பியோடு போராடாமல் 11-54 பக்கம் போங்கள். டிராப் சி-யின் கீழ்ச்சுரம் 65 ஹெர்ட்ஸ். தளர்ந்த கம்பியில் அடித்த கணத்திலேயே சுருதி மேலே ஏறி இறங்கும், அது டிஸ்டார்ஷனில் பூதாகரமாகத் தெரியும்.

இந்த 40 விநாடிதான் உங்கள் உரைகல்.

உரசிப் பார்த்தல்

ஒவ்வொரு மென்பொருளையும் இந்தக் கோப்பின் மேல் போடுங்கள். ஒரே ஐஆர், ஒரே பூஸ்டர். ஒலி அளவைக் காதால் சமமாக்கிவிட்டுத்தான் தீர்ப்பு சொல்லுங்கள். இரண்டில் எது கொஞ்சம் சத்தமோ அதுவே நல்லது என்று காது சொல்லும், அந்த ஏமாற்றத்துக்குப் பெரிய பொறியாளர்களும் தப்புவதில்லை.

பாம் மியூட்டில் கேட்க வேண்டியது அடியின் தொடக்கம். தவிலில் தொப்பிப் பக்கம் குச்சி விழுவதுபோல், விழுந்த இடம் துல்லியமாகத் தெரிய வேண்டும், விழுந்ததும் நிற்க வேண்டும். அடிகள் எல்லாம் ஒரே கரும்புகையாகக் கலந்தால் கெயினை 10-இலிருந்து 5-க்கு இறக்கிப் பாருங்கள். அப்போதும் பிரியவில்லை என்றால் அந்த மென்பொருள் உங்களுக்கு வேண்டாம்.

அடங்கும் கார்டில் கேட்டைக் கவனியுங்கள். நல்ல கேட் ஒலியின் வாலை மெதுவாக மூடும். மோசமானது கத்தரித்துவிடும், அல்லது மூடுவதா திறப்பதா என்று தெரியாமல் படபடக்கும். மைனர் தேர்டில் இரண்டு சுரமும் தனியாகக் காதில் விழ வேண்டும். விழாவிட்டால் திராஷ் வாசிக்கலாம், நுணுக்கமான கார்டுகள் உள்ள பிராக்ரஸிவ் மெட்டல் முடியாது.

மேலே வளைத்த சுரம்தான் மிக முக்கியமான பரிசோதனை. அதை ஏனோ யாரும் சொல்வதில்லை. டிஸ்டார்ஷன் என்பது புதிய மேல்சுரங்களை உண்டாக்கும் வேலை. 48 கிலோஹெர்ட்ஸில் ஓடும் கணினியால் 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள எதையும் காட்ட முடியாது. ஆம்ப் மாதிரி அதற்கும் மேலே உண்டாக்கும் சுரங்கள் காணாமல் போவதில்லை; மடங்கிக் கீழே வந்து, பாட்டுக்குச் சம்பந்தமில்லாத சுருதியில் விழும். இதற்கு அலியாசிங் என்று பெயர். நீங்கள் சுரத்தை மேலே வளைக்கும்போது, பின்னணியில் வேறொரு மெல்லிய விசில் கீழே இறங்கினால் அதுதான் இது. காது வலிக்கும் மணல் கரகரப்புக்கு இதுவும் ஒரு காரணம். ஓவர்சாம்ப்ளிங் என்ற வசதி, கணக்கை மட்டும் 4 மடங்கு, 8 மடங்கு வேகத்தில் செய்து இதைக் குறைக்கும். அமைப்புகளில் அந்தப் பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். வாசிக்கும்போது குறைவாகவும் இறுதிக் கோப்பை எடுக்கும்போது அதிகமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

கடைசிப் பரிசோதனையை நேரடியாக வாசித்துத்தான் செய்ய வேண்டும். கிடாரின் வால்யூம் குமிழைப் பாதிக்கு இறக்குங்கள். ஒலி மெலிந்து தெளிய வேண்டும். சத்தம் மட்டும் குறைந்து அழுக்கு அப்படியே இருந்தால் அந்த மாதிரிக்கு உயிர் குறைவு. கை அழுத்தத்துக்குப் பதில் சொல்லாத ஆம்பில் வாசிக்கும் ஆசை ஒரு வாரம்கூட நிற்காது.

தாமதமும் இங்கேதான் தெரியும். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் 128 என்றால் ஒரு வழிக்கு 2.7 மில்லிவிநாடி. உள்ளே, வெளியே, இன்டர்ஃபேஸின் சொந்த நேரம் எல்லாம் சேர்த்து 8 மில்லிவிநாடி வந்தால், ஆம்பிலிருந்து மூன்று மீட்டருக்குச் சற்று குறைவான தூரத்தில் நிற்பதற்குச் சமம். மேடையில் நிற்பவர்களுக்கு அது பழகிய தூரம். 15-க்கு மேல் போனால் வேகமான ரிஃப்பில் கை தடுமாறும். விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் தயாரிப்பாளரின் சொந்த ஏசியோ டிரைவரைப் போடுங்கள்.

எதைப் பார்க்கலாம்

பணம் செலவழிக்காமல் தொடங்குங்கள் என்பதே என் உறுதியான யோசனை. இக்னைட் ஆம்ப்ஸின் எமிசரி என்ற இலவச ஆம்பும், அவர்களுடைய நாடிர் என்ற ஐஆர் ஏற்றியும், மேலே சொன்ன பூஸ்டரும் சேர்ந்தால் வெளியிடத் தகுந்த மெட்டல் ஒலி வரும்.

அதை விடப் பெரிய மாற்றம் நியூரல் ஆம்ப் மாடலர். ஸ்டீவன் அட்கின்சன் எழுதித் திறந்த மூலமாக எல்லோருக்கும் கொடுத்தது. ஒரு சோதனை ஒலியை உண்மையான ஆம்பின் வழியே அனுப்பி, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் நரம்பு வலையமைப்புக்குக் காட்டிப் பயிற்றுவிப்பது இதன் முறை. உலகம் முழுவதும் ஆம்ப் வைத்திருப்பவர்கள் தங்கள் 5150-யையும் ரெக்டிஃபையரையும் இப்படிப் பிடித்து இலவசமாகப் பகிர்கிறார்கள். வழக்கமான மாதிரி ஒன்று ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்தில்கூட இறக்கிவிடலாம். கவனிக்க இரண்டு விஷயம் உண்டு. ஒரு கோப்பு என்பது ஆம்பின் ஒரே ஒரு குமிழ் நிலையின் பிடிப்பு. கெயினைக் குறைத்த ஒலி வேண்டும் என்றால் குறைத்துப் பிடித்த வேறு கோப்பைத் தேட வேண்டும். இரண்டாவது, சில கோப்புகள் ஆம்ப் மட்டும், சில கேபினெட்டும் மைக்கும் சேர்ந்தவை. சேர்ந்ததன் மேல் மறுபடி ஐஆரைப் போட்டால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் மங்கிவிடும். இதன் ஒலி தட்டையாக இருக்கிறது என்று என்னிடம் வந்தவர்களில் பலர் செய்திருந்த தவறு இதுதான்.

கட்டண மென்பொருளில் பின்லாந்தின் நியூரல் டிஎஸ்பி மெட்டல்காரர்களிடையே மிகவும் புழங்குகிறது. ஃபோர்டின் நேம்லெஸ், நாலி, கோஜிரா என்று ஒவ்வொரு பிளக்-இன்னும் ஓர் ஒலிக்கென்று செய்தது. திறந்த ஐந்தாவது நிமிடத்தில் பாட்டு எழுத ஆரம்பித்துவிடலாம், அதுதான் அதன் பலம். 14 நாள் முழுமையாகச் சோதித்துப் பார்க்க விடுகிறார்கள். அந்த 14 நாளைத் தேர்வு முடிந்த விடுமுறையில் தொடங்குங்கள். இத்தாலியின் ஐகே மல்டிமீடியா செய்யும் ஆம்ப்லிட்யூப் பழைய பெரிய கடை, எல்லாம் கிடைக்கும். அதே நிறுவனம் 2022-இல் கொண்டுவந்த டோனெக்ஸ், ஆம்பைப் பிடிக்கும் வகை. நேட்டிவ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் கிடார் ரிக் எஃபெக்டுகளுக்கு அருமை. கனமான ரிதம் கிடாருக்கு என் முதல் தேர்வு அதுவாக இருக்காது. இவை எல்லாவற்றையும் ஓட்டுவதற்கு ரீப்பர் போன்ற பதிவு மென்பொருள் வேண்டும். அதன் 60 நாள் சோதனைக்குப் பிறகு, தனிநபருக்கான சலுகை உரிமம் 60 டாலர்.

திருட்டுப் பிரதிகளைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். இலவசமாகவும் நேர்மையாகவும் இவ்வளவு கிடைக்கும்போது அதற்கு எந்த நியாயமும் இல்லை.

மின்சாரம், இணையம், இடி

நகரத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் இந்தப் பகுதியைத் தொடுவதில்லை. மலையடிவாரத்தில் இதுதான் பாதி வேலை.

அதிக கெயின் என்பது கிடாரை மட்டும் பெருக்காது. சுவரில் ஓடும் மின்சாரத்தின் 50, 100 ஹெர்ட்ஸ் உறுமலையும் சேர்த்துப் பெருக்கும். எர்த் இல்லாத வீட்டில் இரண்டு முள் சார்ஜரோடு பதிவு செய்தால் எந்த ஆம்ப் சிம்மும் தேனீக்கூடுதான். சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பதிவு செய்யுங்கள். சதுர அலை இன்வெர்ட்டர் ஓடும்போது பதிவைத் தள்ளிப்போடுங்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைச் சரி பார்ப்பது எந்த பிளக்-இன்னையும் விட உங்கள் ஒலியை உயர்த்தும். வடகிழக்குப் பருவத்தில் இடி கேட்டால் இன்டர்ஃபேஸையும் மடிக்கணினியையும் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

உரிமம் வாங்கும்போது அது எப்படிச் சரிபார்க்கிறது என்று படியுங்கள். ஐலாக் கணக்கைக் கேட்கும் மென்பொருள்களில் உரிமத்தைக் கணினியிலேயே இறக்கி வைக்கலாம், பிறகு இணையம் இல்லாமல் ஓடும். கிளவுட் முறையைத் தேர்ந்தெடுத்தால் வாசிக்கும் நேரமெல்லாம் இணையம் வேண்டும். மழையில் டவர் போனால் ஆம்பும் போய்விடும். பெரிய தொகுப்புகளை வேலூர் போகும் நாளில் இறக்கி, அங்கேயே உரிமத்தை இயக்கிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

பாட்டுக்குள் வைத்துக் கேளுங்கள்

தனியாக அற்புதமாகக் கேட்கும் கிடார், டிரம்மும் பேஸும் சேர்ந்ததும் காணாமல் போவது வழக்கம். தனியே கேட்கும்போது பாஸைக் கூட்டி மிட்டைக் குழியாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் மெட்டல் கிடார் வாழும் இடம் மிட்தான். கீழ்த்தளம் பேஸ் கிடாருக்கு உரியது. ஆம்ப் சிம்முக்குப் பிறகு 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள், மேலே 10 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் மெதுவாக மூடுங்கள். பிறகு முடிவு செய்யுங்கள்.

ரிதம் கிடாரை இரண்டு முறை தனித்தனியாக வாசித்து, ஒன்றை முழு இடது, ஒன்றை முழு வலது என்று வையுங்கள். ஒரே பதிவை நகல் எடுத்து இரண்டு பக்கமும் போட்டால் அகலம் வராது, நடுவில் சத்தம்தான் கூடும். இரண்டு முறை வாசித்ததும் டிஸ்டார்ஷன் தானாகக் கூடியதுபோல் தோன்றும். அப்போது கெயினை இன்னும் கொஞ்சம் குறையுங்கள். நாம் கேட்டு வளர்ந்த ஆல்பங்களில் கெயின் நாம் நினைப்பதை விடக் குறைவு. மொத்த கனமும் கைகளின் ஒற்றுமையிலிருந்து வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் நான்கு பாடல்களை ஆம்ப் ஒலியோடு மட்டும் பதிந்து, டிஐ கோப்புகளை வட்டில் இடம் போதவில்லை என்று அழித்தேன். அன்று எனக்குக் கிடைத்த இலவச மென்பொருளின் கரகரப்பு அந்தப் பாடல்களில் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. இன்று கையில் நல்ல ஆம்ப் சிம் இருக்கிறது, அதன் வழியே மறுபடி அனுப்ப அந்தக் கிடார் இல்லை. அந்த வாசிப்பைத் திரும்ப வாசிக்கவும் முடியவில்லை. உடன் வாசித்த நண்பன் ஊரை விட்டுப் போய்விட்டான். ஐந்து நிமிடப் பாட்டின் ஒரு டிஐ கோப்பு சுமார் 43 மெகாபைட்தான். எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, அந்தக் கோப்பை மட்டும் இரண்டு இடத்தில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.